ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்

இரண்டு மணி நேரத்துக்குள்
பிடிக்கவில்லை என்றால் பணம் வாபஸ்.
இந்த ஒரு வரியை நம்பித்தான்
செங்காங்கில், பதினான்காவது மாடியில்,
இரவு பதினொன்றுக்கு மேல்
உலகங்களைத் திறக்கிறேன்.

திறந்ததும் கைப்பேசியில் அலாரம்:
ஒரு மணி ஐம்பத்திரண்டு நிமிடம்.
மிச்ச எட்டு நிமிடம் காரணம் எழுத.
‘எதிர்பார்த்த அளவு இல்லை’ என்று எழுதுவேன்,
எல்லா விளையாட்டுக்கும் அதே.

இப்படியாக
நாற்பத்தோரு தொடக்கங்கள் எனக்குத் தெரியும்.
கரை ஒதுங்கிக் கண்விழிப்பவன்.
எரியும் ஊரிலிருந்து ஓடுகிறவள்.
முதல் வாள் எப்போதும் துருப்பிடித்தது,
முதல் எதிரி பெரும்பாலும் எலி.
எத்தனை எலிகள்!
ஓர் அரக்கனைக்கூட நேரில் பார்த்ததில்லை.

“ஈரச்சந்தையில ஒரு துண்டு மாம்பழம்
வாங்கித் தின்னுட்டு நகர்ற ஆளு நீங்க”
என்றாள் சசிரேகா.
அங்கே வாங்கியிருக்கிறேன் என்றேன்.
ஒருமுறை.

“வீட்டை மட்டும் எப்படி வாங்குனீங்க?”

அது உண்மைதான்.
அப்போது இந்த இடத்தில் காற்று மட்டும் இருந்தது.
கண்ணாடிப் பெட்டிக்குள் அட்டைக் கட்டடம்,
கட்டைவிரல் உயரத்தில் பிளாஸ்டிக் மரங்கள்.
வரிசையில் நின்று, குனிந்து,
இதோ நம்ம ஜன்னல் என்று
எதையோ காட்டினேன், அவளும் தலையாட்டினாள்.
ஐந்து வருடம் விற்க முடியாது என்ற தாளில்
கையெழுத்துப் போட்டபோது
நடுங்காத கை
அறுபத்தொன்பது வெள்ளி தொண்ணூறு காசுக்கு
நடுங்குகிறது.

பதின்மூன்று வயதில்
சனிக்கிழமைதோறும் சிம் லிம்.
ஆ செங் கடையில் முயன்று பார்க்க ஒரு பெட்டி,
ஒரு கார்ப் பந்தயம்.
“அஞ்சு நிமிசம், பாய்” என்பார்
தமிழில், யார் சொல்லிக்கொடுத்தார்களோ.
ஐந்தாவது நிமிடம் அவர் கால்
மேசைக்கடியில் சுவிட்சைத் தேடும்.
கார் வளைவில் இருக்கும்போதே
திரை கறுத்துவிடும்.
அந்த வளைவுக்கு அப்பால் என்ன என்று
பேருந்தில், கணக்கு வகுப்பில்,
தேர்வுத் தாளின் ஓரத்தில்
வரைந்து வரைந்து பார்த்தேன்.

ஒருநாள் பழுது பார்க்கும் மும்முரத்தில்
ஆ செங் காலை மறந்துவிட்டார்.
வளைவைத் தாண்டினேன்.
அங்கே இன்னொரு வளைவு.
நானே பிடியைக் கீழே வைத்துவிட்டு
வெளியே வந்தேன்.
அதற்குப் பிறகு அந்தப் பக்கம் போகவில்லை.
ஏன் என்று இன்றுவரை
யாரும் கேட்டதில்லை.

நேற்று நாற்பத்திரண்டாவது.
வாள் இல்லை, எலியும் இல்லை.
தீவு தீவாகத் தபால் கொண்டுபோகும் படகு.
மெதுவென்றால் அப்படியொரு மெது:
கோழிச்சோற்றுக் கடை வரிசை
அதைவிட வேகமாக நகரும்.
வாபஸ்தான் என்று முடிவு கட்டிவிட்டேன்.
அப்போது ஒரு தீவில்
முகம் சரியாக வரையாத ஒருத்தி
மூடிய பெட்டியொன்றை நீட்டி
மழை நிற்கும்வரை திறக்காதே என்றாள்.
திரையில் மழை.
அலாரம் அடித்தது.

வெளியிலும் பிடித்துக்கொண்டது.
சசிரேகா தூக்கத்தோடு ஓடி
கம்பில் காய்ந்த துணிகளை
பாதி நனைந்தும் பாதி நனையாமலும் உள்ளிழுத்து,
மடியில் குவித்தபடி
என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“என்ன பெட்டி அது?”
“தெரியல.”
“மழை எப்ப நிக்கும்?”
“தெரியல.”
“நல்லாருக்கா?”
“அப்படியொண்ணும் இல்ல.”

அலாரத்தை அவள்தான் அணைத்தாள்.
எட்டு நிமிடம் போனது,
அதன் பிறகும் போனது.
திருப்பிக் கொடுக்கும் பொத்தான் இந்நேரம்
சாம்பல் நிறமாகியிருக்கும்.
இரண்டு மழையும் நிற்கவில்லை.
ஈரத் தலையணை உறையில் கையைத் துடைத்து
அவள் நீட்டினாள்:
“கொஞ்ச நேரம் நான் துடுப்பு போடுறேன்,
கொடுங்க.”