ஒன்பதாவது வரைவு

மான்டிவிடியோ. ஜூலைக் குளிர்.
ஆற்றுக் காற்று ஜன்னல் இடுக்கில் விசிலடிக்கிறது.
மூன்றாம் மாடிக்கு ஒன்பதாவது வரைவு வந்திருக்கிறது,
அச்சின் சூடு ஆறாமல்.

நான் குறிப்பெடுப்பவள்.
யார் எதைச் சொன்னாலும் எழுத வேண்டும்.
யார் பெருமூச்சு விட்டாலும் எழுதக் கூடாது.

தேசிய உயிர் அறிவியல் தொழில் வளர்ச்சி வியூகம்.
தலைப்பைப் படித்து முடிப்பதற்குள்
வாஷிங்டன் பிரியோஸோ இரண்டு முறை மூச்சு வாங்குகிறார்.
பெயர்தான் வாஷிங்டன். ஊர் தக்வாரெம்போ.
நிதித்துறைக்காரர்.
கக்கத்தில் வெந்நீர் ஃபிளாஸ்க், கையில் மாத்தே சுரை.
உறிஞ்சிவிட்டு அடுத்தவருக்கு நீட்டுகிறார்.
ஏழு வாய்க்கும் ஒரே குழல்.
அதில் மூன்று பேர் கிருமியியல் படித்தவர்கள்.
யாரும் மறுக்கவில்லை.

பக்கம் நான்கு: பத்தாண்டில் ஏற்றுமதி மும்மடங்கு.
பக்கம் பதினொன்று: வரிச்சலுகை.
பக்கம் பதினேழில் ஒரு வரைபடம்.
அதன் அம்பு ஏறி ஏறித்
தாளின் விளிம்பைத் தாண்டி
என் மேசையில் வந்து குத்தும் போலிருக்கிறது.

"முதல் எங்கிருந்து வரும்?" என்றார் வாஷிங்டன்.
முதல் என்றால் அவருக்குப் பணம்.

"கன்றிலிருந்து" என்றாள் ஸுல்மா எச்செகாராய்.

காலையிலிருந்து அவள் பேசிய முதல் சொல்.
கால்நடை மருத்துவர்.
பைசாண்டு கசாப்பு ஆலையில் பதினோரு வருடம்.
சினைப்பசு அறுபடும் நாளில்
கருப்பையை ஒரு சின்னக் கதவு வழியே தள்ளுவார்கள்.
மறுபக்கம் இவள் நிற்பாள், ஊசியோடும் பையோடும்.
பிறக்காததன் இதயம் எங்கே இருக்கும் என்று
இன்றைக்கும் விரலுக்குத் தெரியும் என்றாள்.
அரை லிட்டர் கிடைத்தால்
மேற்பார்வையாளர் 'நல்ல நாள்' என்பாராம்.

உறைய விட்டு, சுழற்றி, வடித்தால்
தேன் நிறத்தில் மேலே நிற்கும் சீரம்.
உறைபெட்டியில் கப்பலேறும்.
எங்கோ ஒரு நகரத்துக் குடுவையில்
செல்கள் அதைக் குடித்துப் பெருகும்.
பெருகியதிலிருந்து ஒரு மருந்து பிறக்கும்.
பிறந்தது திரும்பி வரும்,
நூறு மடங்கு விலையோடு.
"என் மாமியாருக்கு மாதம் ஒரு ஊசி" என்றாள்.
"பெட்டியில் எந்த நாடு போட்டிருக்கிறது என்று
ஒவ்வொரு தடவையும் பார்ப்பேன்.
ஏன் பார்க்கிறேன் என்று தெரியாது."

ஃபிளாஸ்க் மூடி திருகும் சத்தம்.

அவள் கேட்டது ஒரே ஒரு பத்தி.
கன்று இல்லாமல் செல் வளர்க்கும் திரவத்தை
நாமே செய்வோம்:
எட்டுப் பேர், மூடிக் கிடக்கும் ஒரு பால் பண்ணை, ஆறு வருடம்.
"இத்தனை காலம் இரத்தம் விற்றிருக்கிறோம்.
அதில் என்ன இருக்கிறது என்று
நாம் ஒருமுறையாவது பார்க்க வேண்டாமா?"

ஏற்றுமதியாளர் சங்கத்து நெல்சன் பிதெகாயின்
மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.
"நம் கடையை நாமே பூட்டவா?"
அவர் கிடங்கை நம்பி நாற்பது குடும்பங்கள்.
அதுவும் பொய்யில்லை.
எழுதிக்கொண்டேன்.

பிறகு அரைமணி நேரம்
'வளர்ச்சி'க்கு முன்னால் போட அடைமொழி தேடினார்கள்.
துரித. நிலைத்த. அனைவருக்குமான.
பேராசிரியர் ஒதிலியா மட்டும்
தாளின் மூலையில் பென்சிலால் கிறுக்கியிருந்தார்:
நிறுத்தத் தெரியாமல் வளர்வதற்கு
எங்கள் துறையில் வேறு பெயர்.
அது குறிப்பில் ஏறாது.

ஐந்து மணிக்கு இருட்டிவிட்டது.
ஸுல்மாவின் பத்தி இணைப்பு மூன்றுக்குப் போனது,
அடிக்குறிப்பாக, எட்டுப் புள்ளி எழுத்தில்.
எட்டுப் பேர் மூவரானார்கள்.
ஆறு வருடம் 'உரிய காலம்' ஆனது.
பால் பண்ணை காணாமல் போனது.
அவள் கோட்டை மாட்டிக்கொண்டு
சுரையைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

எல்லோரும் போன பிறகு
பத்தாவது வரைவைத் தட்டச்சு செய்கிறேன்.
தேடு கட்டத்தில் 'உயிர்' என்று போட்டேன்.
இருநூற்றுப் பதினான்கு இடங்கள்.
'கன்று' என்று போட்டேன்.
ஒன்று.

அந்த எட்டுப் புள்ளியைப் பதினொன்றாக்கினேன்.
யாராவது கேட்டால்
அச்சுப் பிழை என்பேன்.