நான்கு விநாடி

மூடிப்போன பிரவுசிங் சென்டரில்
ஆயிரத்து எண்ணூறுக்கு வாங்கிய கம்ப்யூட்டர்.
நெற்றியில் இன்னும் ‘கேபின் 4’ என்று ஸ்டிக்கர்.
சுரண்டிப் பார்த்தேன், வரவில்லை.
இருந்துவிட்டுப் போகட்டும்.
டிவிக்குக் கீழே, மிக்சி வந்த அட்டைப்பெட்டிமேல்
இப்போது அதற்குக் குடித்தனம்.
படம், பாட்டு, நாத்தனார் கல்யாண வீடியோ
எல்லாம் அதன் வயிற்றில்.

கீபோர்டை மடியில் வைத்துப் படம் பார்த்தால்
யார்டில் பில் போடுகிற மாதிரியே இருக்கிறது என்றான் தேவநேசன்.
அதனால் பர்மா பஜாருக்குப் போய்
ஐந்நூறு சொன்னதை முந்நூற்றைம்பதுக்கு முடித்து
ஒரு ரிமோட்.
“எல்லாத்தையும் கேக்கும்மா இது.
நீங்க சொல்லிக் குடுக்கணும், அவ்ளோதான்.”

கோட் புத்தகம் எறும்பு எழுத்து.
எங்கள் டிவியின் பெயர் அதில் இல்லை.
ஒவ்வொரு நம்பராகப் போட்டுக்கொண்டே வந்தேன்.
எழுபதோ எண்பதோ,
எங்கள் டிவி அசையவில்லை.
எதிர் பிளாக் இரண்டாம் மாடியில்
மும்தாஜ் அக்கா கத்தினாள்:
“எவடி அவ, சீரியல அணைச்சது?”
ஜன்னலைச் சாத்தினேன்.

பிறகு வேறு வழி.
பழையதையும் புதியதையும்
மொசைக் தரையில் மூக்கோடு மூக்கு படுக்கவைத்து
பழையதில் ஓர் அழுத்து, புதியதில் ஓர் அழுத்து.
பழையதில் சத்தம் கூட்டும் பட்டன் குழிந்தே போயிருந்தது,
சுற்றிலும் கூட்ஸ் ஓடும் ஊரில் வேறெப்படி.
வெறும் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது.
செல்போன் கேமராவில் பார்த்தால்
ஊதா நிறத்தில் ஏதோ துடித்தது.
புதியது இருமுறை சிமிட்டியது:
சரி, பிடித்துக்கொண்டேன்.

கம்ப்யூட்டருக்கும் சுண்டைக்காய் அளவில் ஒரு கண் செருகி
சிவப்புப் பட்டனில் மொத்தத்தையும் கோத்தேன்:
டிவி எழு, வழி மாறு, கேபின் நாலே எழு,
படப் பட்டியலைத் திற.
டிவி எழுந்தது.
கேபின் நாலும் எழுந்தது. பட்டியல் மட்டும் வரவில்லை.
அது கண் விழிப்பதற்குள் அடுத்த கட்டளை போய்
காற்றில் கரைந்துவிடுகிறது.
நடுவில் ஒரு விநாடி வைத்தேன். போதவில்லை.
இரண்டு. மூன்று.
நான்கில் வந்தது.

காலை ஆறரைக்கு நைட் ஷிப்ட் முடிந்து வந்தவன்
சட்டைகூடக் கழற்றாமல் சிவப்பை அழுத்தினான்.
“என்னாது, ஒண்ணும் வரல?”
“இரு.”
“ரிப்பேரா?”
“கொருக்குப்பேட்டை கேட்டுல அரை மணி நிக்கிற இல்ல,
இதுக்கு நிக்க மாட்டியா?”
உள்ளே ஃபேன் இரைந்தது.
வந்தது பட்டியல்.
ஒரு படத்தைத் தேர்ந்தெடுத்தான்,
சென்சார் சர்டிபிகேட் போவதற்குள் தூங்கிவிட்டான்.
விரலுக்கு இன்னும் பழகாத பட்டனைத் தேடி
சத்தத்தைக் குறைத்தேன்.

சாயங்காலம் தண்ணி லாரி வரிசையில் மும்தாஜ் அக்கா:
“டிவி தானா அணையுதுடி. மெக்கானிக்க வரச் சொல்லியிருக்கேன்.”
“வேணாங்க்கா, இனிமே அணையாது.”
“உனக்கெப்படித் தெரியும்?”
குடத்தை நகர்த்தினேன்,
என் முறை வந்திருந்தது.