இறுகாத காலைகள்

ஐந்தரைக்கு லிப்ற் இறங்குகிறது:
நான், கறுவா,
ஒரு சொப்பிங் பை, பழைய பேப்பர்,
ஒன்றரை லீற்றர் தண்ணிப் போத்தல்.

பை, கெட்டியான நாட்களுக்கு.
பேப்பர், இரண்டுங்கெட்டானுக்கு.
தண்ணி, இந்த இரண்டு கிழமையாய்
எதுவும் கைக்கு அகப்படாத விடியல்களுக்கு.

வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை
நேரே கடலுக்கு இறங்கும்.
முதல் வீடு பல் வைத்தியர்.
அடுத்தது பூட்டிக் கிடக்கிறது, ஆட்கள் ரொறன்ரோவில்.
மூன்றாவது மிஸ்டர் தர்மகுலசிங்கம்.
கேற்றில் பித்தளைப் பெயர்ப்பலகை,
அதன் கீழே மூன்று மொழியிலும்
நாய்களுக்கு ஒரு கண்டிப்பான அறிவித்தல்.
கறுவாவுக்கு மூன்றும் வாசிக்கத் தெரியாது.
அங்கேதான் சுற்றுகிறாள், ஒன்று, ஒன்றரை,
முதுகு வில்லாய் வளைய
என் முகத்தைப் பார்க்கிறாள்.

அந்த நேரம் எல்லா நாயும்
யாரோ ஒருவரின் முகத்தைப் பார்க்குமாம்,
காவல் நில் என்று.
நிற்கிறேன்.
பல் துலக்காத வாயோடு
மாநகரசபை வீதியில்
ஒரு சோடிக் கண்ணுக்குக் காவல்.

பிறகு அந்தச் சத்தம்.
கேட்டவர்களுக்குத் தெரியும்.

"என்ன நிறம்?" என்று கேட்டார் மிருக வைத்தியர்.
கடுகு என்றேன்.
"அரைச்சதோ, முழுசோ?"
அரைச்சது.
"தடிப்பு?"
திங்கள் களி. செவ்வாய் கூழ்.
புதன் சொதி.
பேனையை மேசையில் வைத்தார்.
"இனிப் போட்டோ எடுத்துக்கொண்டு வாங்கோ."

என் போனில் இப்போது
மச்சாளின் மகளுடைய சாமத்தியவீட்டுக்கும்
ஒரு வங்கி ரசீதுக்கும் நடுவில்
பதினொரு படங்கள்.
கந்தோரில் சுரையா மிஸ்ஸுக்குச் சேலை காட்டப்போய்
விரல் ஒன்று கூடத் தள்ளிவிட்டது.
"இது எந்தக் கடைச் சாப்பாடு?" என்றார்.
ஓடர் போடவேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

பூசணிக்காய், குழைந்த சோறு,
உப்பில்லாமல் அவித்த கோழி,
மஞ்சள் குளிசை பாதி.
மூன்று நாள் கட்டியது.
நாலாம் நாள் மறுபடி சொதி.

இரவு நடை தம்பி நிருத்தனுடையது.
கீழே காவலாளியின் கதிரைக் காலில்
அவளைக் கட்டிவிட்டு
மதிலோரம் போய்ப் போனில் காதலிப்பான்.
வியாழன் இரவு குப்பை போட இறங்கினேன்.
நந்தசிறி
மாலுபாணை இரண்டாய்ப் பிய்த்து
ரின்பால் ரீயில் தோய்த்துக்கொண்டிருந்தார்.
ஒரு துண்டு தனக்கு.
ஒரு துண்டு அவளுக்கு.
"கன்ன துவே," தின் மகளே, என்று
மொனராகலையில் விட்டுவந்த ஏதோ ஒரு குரலில்.
அவள் வால் கதிரையை அடிக்கும் சத்தம்
லிப்ற் வரைக்கும் கேட்டது.
குப்பையோடு
திரும்பி மேலே போனேன்.

அப்போதுதான் விளங்கியது அந்த வாளி.
ஒவ்வொரு காலையும்
நான் போத்தல் மூடியைத் திருக முன்னமே
வாளியும் ஈர்க்குமாறுமாய் வந்துவிடுவார்.
விடுங்கோ மிஸ், விடுங்கோ,
இது ஒரு வேலையா என்பார்.
தங்கமான மனுசன் என்று
அம்மாவிடம்கூடச் சொல்லியிருக்கிறேன்.
இப்போதும் அதை மாற்றிச் சொல்ல
மனம் வரவில்லை.

"பேத் ஹரித?" மருந்து பிடிக்குதா என்று கேட்டார் வெள்ளி.
என்னுடைய சிங்களமும்
வினைச்சொல் வரும் இடத்தில் இளகித்தான் போகும்.
கொஞ்சம் நல்லம் என்றேன்.
அவர் தரையைப் பார்த்தார்.
கறுவா இருவரையும் பார்த்தாள்,
எங்கள் மூவரில்
பொய் சொல்லாத ஒரே ஆள்.

அன்று பின்னேரம்
ஒரு பெரிய பக்கற் கிறீம் கிறேக்கர் வாங்கி
அவருடைய கதிரையில் வைத்தேன்.
"இரவுக்கு. அவளுக்கு."
பக்கற்றை எடுத்துத்
திருப்பித் திருப்பி வாசித்தார்,
அதில் என் பெயர் எங்கோ எழுதியிருப்பது போல.
ஒன்றும் பேசவில்லை.
நானும்தான்.

இன்று காலை
முதல் ரயில் கடலோரம் போகிறது.
அவர் வாளியோடு, நான் போனோடு,
இருவரும் குனிந்து நிற்கிறோம்,
விழுந்த நகை தேடுகிறவர்கள் போல.

"ஹொந்தய்," என்றார், மெல்ல.

கூழ்தான்.
ஆனால் களியை நோக்கிய கூழ்.

படம் எடுக்க விரலை வைத்தேன்,
தர்மகுலசிங்கத்தாரின் போர்ட்டிகோ லைற் எரிந்தது.
வாளியை ஒரே வீச்சில் கவிழ்த்துவிட்டு
ஓடினோம்,
முன்னால் அவள்.