ஓசை வரும்வரை

டாம்பாவிலிருந்து இரண்டரை மணி நேரம்.
வேனை ஓட்டியது கஸ்ஸாலி.
பாட்டு மாற்றியது ஜெனோவா, ஒன்றையும் முடியவிடாமல்.
பின்னிருக்கையில் நானும் திருமாறனும்,
நடுவே ஒரு மடக்கு நாற்காலி
வரப்புக் கல்லைப்போல.

அவனுக்குத்தான் பார்க்க வேண்டும்.
போவதற்குள் ஒன்றையாவது, என்றான்.
வேலை போனால் அறுபது நாள்;
அன்று அவனுக்கு நாற்பத்தொன்பது.
சோபாவை முப்பது டாலருக்குத் தள்ளிவிட்டிருந்தான்.
காரை வாங்கியவன்
உள்ளே கிடந்த குடையையும் சேர்த்துக் கொண்டுபோனானாம்.
இதையெல்லாம் அவன் கஸ்ஸாலியிடம்தான் சொன்னான்,
முன்கண்ணாடி வழியாக.

டைட்டஸ்வில்லில் நள்ளிரவுக்குப் பிறகும்
தேர்த்திருவிழாக் கூட்டம்.
பெட்ரோல் பங்கில் அவித்த வேர்க்கடலை விற்றார்கள்,
உப்புத் தண்ணீர் சொட்டச் சொட்ட.
எதிரே இருந்ததற்கு இந்தியன் ரிவர் என்று பெயர்.
ஆறும் இல்லை அது, உப்பங்கழி.
இந்தியனும் இல்லை.
"நம்மளை மாதிரிதான், பேப்பர்ல ஒண்ணு நேர்ல ஒண்ணு"
என்றான் கஸ்ஸாலி.
திருமாறன் சிரித்தான்.
நானும் சிரிக்கப் போய்
பாதியில் நிறுத்திக்கொண்டேன்.

கொசு.
கவுண்ட்டவுன் நாலு நிமிடத்தில் நின்றது.
வால்வு என்றார்கள், காற்று என்றார்கள்,
தடைசெய்த எல்லைக்குள்
மீன்பிடிப் படகு ஒன்று புகுந்துவிட்டது என்றார்கள்.
அத்தனை கோடி டாலரை
ஒரு தூண்டில்காரன் நிறுத்திவைத்திருக்கிறான் என்பதில்
எல்லோருக்கும் ஒரு சந்தோஷம்.
நாற்பது நிமிடம்.
கஸ்ஸாலி கழிப்பறை வரிசைக்குப் போனான்.

அப்போது பார்த்து
மறுபடி ஓடியது எண்ணிக்கை.

முதலில் வெளிச்சம்.
கிழக்கு, தப்பான நேரத்தில் விடிந்தது.
தரையில் கிடந்த கடலைத் தோல் ஒவ்வொன்றுக்கும்
ஒரு நிழல் முளைத்தது.
நீருக்கு மேல் நெருப்பு நிமிர்ந்து நின்றது,
கிளம்ப மனமில்லாததுபோல் ஒரு நொடி,
பிறகு ஏறியது.
சத்தமே இல்லை.
பதின்மூன்று மைல் தாண்டி
அதன் ஓசை எங்களிடம் வந்துசேர
ஒரு நிமிடம் பிடிக்கும்.
ஊரே வாய் திறந்து நின்ற அந்த நிமிடத்தில்
மீன் ஒன்று துள்ளி விழுந்தது கேட்டது.

அதில்தான் சொன்னேன்.
"பட்டியல் போட்டப்போ நானும் அந்த ரூம்ல இருந்தேன் மாறா.
உன் பேரை நான் எழுதலை.
எழுதினப்போ ஒண்ணும் சொல்லவும் இல்லை."

அவன் வானத்திலிருந்து முகத்தை எடுக்கவில்லை.
கன்னம் ஆரஞ்சாக இருந்தது.
"எனக்கு" என்று தொடங்கினான்.

ஓசை வந்தது.
இடி இல்லை; இடிக்கு முடிவு உண்டு.
தார்ப்பாயைக் கிழிப்பதுபோல்,
கிழித்துக்கொண்டே இருப்பதுபோல்,
விலா எலும்பைப் பிடித்து உலுக்கியது.
நிறுத்திவைத்த வண்டிகள் தாமாக அலறின.
கூரைமேல் தூங்கிய ஒரு குழந்தை எழுந்து
எல்லாம் தன்னால்தான் என்பதுபோல் அழுதது.
அவன் உதடு அசைவதைப் பார்த்தேன்.
நீளமாக, நிதானமாக.
நடுவில் ஒருமுறை கையைக்கூட ஆட்டினான்.
ஒரு சொல்லும் வந்துசேரவில்லை.

அடங்கியபோது புகை மட்டும், வளைந்து.
கஸ்ஸாலி பெல்ட்டைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான்:
"போயிடுச்சா? போயே போயிடுச்சா?"
திருமாறன் விழுந்து விழுந்து சிரித்தான்.
கண்ணைத் துடைத்துக்கொண்டான்.
சிரிப்பினால்தான் இருக்கும்.

வெளியேறவே மூன்று மணி நேரம்.
நாற்காலியைக் கரையிலேயே விட்டுவந்தது
ஆர்லாண்டோ தாண்டித்தான் தெரிந்தது.
வண்டியைத் திருப்பு என்று யாரும் சொல்லவில்லை.

அவன் போய் ஒன்பது மாதம்.
ஜெனோவா எடுத்த வீடியோ என்னிடம் இருக்கிறது.
மூலையில் நாங்கள் இருவரும், கரிய உருவங்களாக.
என் குரல் தெளிவாகக் கேட்கிறது.
"எனக்கு" கேட்கிறது.
அதற்குமேல் காதை ஒட்டிவைத்தால்
இரைச்சலுக்கு அடியில் ஏதோ இருப்பதுபோலவும் இருக்கிறது.
இப்போதெல்லாம் குரலைத் தனியாகப் பிரிக்க முடியும்,
பிரித்துத் தரட்டுமா என்றாள்.
வேண்டாம் என்றேன்.
முந்தாநாள் மறுபடி கேட்டாள்.
பார்க்கலாம் என்றேன்.