விலைப்பட்டியலில் இல்லாதது

பெரம்பூரில் விடிகாலை இறங்கிய தெர்மாகோல் பெட்டி
கொளத்தூர் வருவதற்குள் வியர்த்துவிட்டது.
நாற்பது உறை.
உறைக்கு ஐந்தாக மிஸ் கேரளா;
சிவப்புக் கோடு மங்கியிருந்தால் பாதி விலை
என்பாள் தனசீலி அக்கா.
அடியில் பட்டாணிப் பேத்தைகள்,
ஆளுக்கொரு டப்பாவில்.
சேர்த்துப் போட்டால் வாலைக் கடித்துவிடும்.

இங்கே போர் தண்ணீர் சுண்ணாம்பு.
மலை மீனுக்கு ஆகாது.
கார்ப்பரேஷன் பள்ளி வாசலில்
பாதாம் இலை பொறுக்கி ஊறவைத்து
டீ நிறத்துக்குக் கொண்டுவந்திருந்தேன்.
அந்த ஒரு மரம் இல்லையென்றால்
எங்கள் தெருவில் ஒரு காடு
வாரம் ஒருமுறை செத்துக்கொண்டிருக்கும்.

நாற்பத்தொன்றாவது உறையை யாரும் எண்ணவில்லை.
சருகும் மணலும் கலங்கிய நீரில்
சுண்டுவிரல் நகம் அளவு ஒன்று.
தொட்டியில் விட்டதும்
நேராகப் போய்க் கண்ணாடியில் வயிற்றை ஒட்டிக்கொண்டது.
கல்லொட்டி.
ஒட்டுகிற எல்லாவற்றுக்கும் எங்களிடம் அந்த ஒரு பெயர்தான்.

சனிக்கிழமை ஃபர்ஹானா வந்தாள்.
மீன் வாங்காத வாடிக்கையாளர்.
சரணாலயத்து ஓடைகளில்
இடுப்பளவு நின்று உயிர்களை எண்ணுகிறவள்.
குந்தி உட்கார்ந்து
துடுப்பின் கதிர்களை எண்ணினாள்,
மறுபடி எண்ணினாள்.
"இது என் லிஸ்ட்டுல இல்ல."
"எங்க லிஸ்ட்டுலயும் இல்ல, சும்மா எடுத்துட்டுப் போ"
என்றாள் அக்கா.

அவள் எடுக்கவில்லை. எந்த ஓடை என்று கேட்டாள்.
எந்த அருவிக்கு மேலே,
எந்தப் பாறைக்கு அந்தப் பக்கம்.
சில உயிர் ஒரே ஓடையில்தான் இருக்குமாம்,
கூப்பிடு தூரத்தில் இன்னொன்று ஓடினாலும்
அதில் இருக்காதாம்.
இந்தத் தொட்டிகளையே கழுவிக்கொண்டு
ஏழு வீடு மாறியவன் நான்,
கேட்டுக்கொண்டு நின்றேன்.
அனுப்பியவனுக்குப் போன் போட்டேன். சுவிட்ச் ஆஃப்.
பெட்டியில் மிச்சம்
ரயில்வே எடைச்சீட்டு, பதினெட்டு கிலோ.

அன்று ராத்திரி மழை.
முனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது.
பேட்டரி, விலை எழுதிய தொட்டிகளுக்கு மட்டும்.
ரெட்டேரிப் பக்கமிருந்து தவளைகள் கத்தின.
செல்போன் வெளிச்சத்தில் பார்த்தேன்,
கண்ணாடியை விட்டு நழுவிக்கொண்டிருந்தது.

முழங்கை வரை உள்ளே விட்டுச் சுழற்றினேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு எழும்பி,
என் கை தள்ளும் திசைக்கு முகம் திருப்பி நின்றது,
மேலே எங்கோ ஒரு மலை இருப்பதுபோல.

இரண்டேகாலுக்குக் கரண்ட் வந்தது.
மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக உறுமின.
எனக்குக் கையை எடுக்கத் தோன்றவில்லை.