வினைமுற்று

நாடாளுமன்றச் சாலை வானொலிக் கட்டடம்.
தமிழ்ச் செய்திப் பிரிவுக்கு ஒரே ஜன்னல்.
ஒரு வேப்பமரம் தெரியும்,
அதன் நிழலில் டயர் இறங்கிய ஜீப் ஒன்றும்.

அந்த அக்டோபரில் சீட்டு வந்தது.
தீனாநாத் கொண்டுவந்து வைத்தார், ஓரத்தில் தேநீர்க் கறை.
கையெழுத்து இல்லை. தேதி இருந்தது.
இன்றிரவுச் செய்தி முதல்
'போராளிகள்' வேண்டாம்.
பதிலுக்கு
ஆங்கிலத்தில் ஒரு சொல், இந்தியில் ஒரு சொல்,
தமிழுக்கு நேரே வெறும் கோடு.
அந்தக் கோட்டை நிரப்பத்தான்
எனக்கு மாதம் ஆயிரத்து எழுநூறு ரூபாய்.

மார்ச்சில் அவர்கள் இளைஞர்கள்.
நான்தான் தட்டச்சு செய்தேன்.
மே மாதம் அரசு விடுதியில் தங்கியபோது
தலைவர்கள்.
ஜூலையில் ஒரு தரப்பினர்.
கைகுலுக்க ஒரு தரப்பு வேண்டுமே.
ஆகஸ்டில் நண்பர்கள் என்றுகூட ஒரு வரி வந்தது,
நேரம் போதாமல் வெட்டினோம்.
காட்டில் இருந்தவர்கள் அதே சட்டையில்தான் இருந்தார்கள்.
துணி மாற்றிக்கொண்டே இருந்தது
எங்கள் அகராதி.

பட்நாகர் தொலைபேசியில் கேட்டார்:
“உங்கள் மொழியில் கனமான சொல் இருக்குமே?”
இருக்கிறது ஐயா, இரண்டு மூன்று.
“எது அதிகம் பயமுறுத்தும்?”
யோசித்தேன்.
தீவிரம் என்றால்
மகனின் காய்ச்சலுக்கு டாக்டர் சொன்னது.
பயங்கரம் என்றால்
கரோல்பாக் மெஸ்ஸில்
ரசத்தைக் குடித்துவிட்டு எல்லோரும் சொல்வது.
“நீளமானதைப் போடுங்கள்” என்றார் அவர்.
போட்டேன்.
முதல் நாள் வாசிக்கும்போது
சூசைமாணிக்கத்துக்கு நாக்கு இடறியது.
மூன்றாம் நாள் இடறவில்லை.

ஆனால் பெயர்ச்சொல்லோடு நின்றுவிட்டார்கள்.
தமிழ்
தன் முடிவை வரியின் கடைசியில் சொல்லும் என்று
அந்த மாடியில் யாருக்கும் தெரியாது.
நம்மவர் வீரமரணம் அடைந்தனர்.
அவர்கள் கொல்லப்பட்டனர்.
பாதை வேறு, வாசல் ஒன்று:
னர்.
ஆடு மாடு என்றால் ன போதும்.
ஆள் என்றால் ஒரு ர் கூட வேண்டும்,
தலையில் புள்ளியோடு, விசையில் இரண்டு தட்டு.
சீட்டு எதுவும் அதைத் தொடவில்லை.
அதை நான் காப்பாற்றுகிறேன் என்று
எனக்குள் ஒரு சின்ன கர்வம்,
டிபன் டப்பாவில் ஒளித்த வெல்லம் போல.

பிறகு ஒரு சனிக்கிழமை.
இரவுப் பணி, மகனுக்கு மறுபடி காய்ச்சல்,
எண்ணிக்கை மட்டும் மாறி மாறி வந்தது
பதினொன்று, பதினான்கு, மீண்டும் பன்னிரண்டு.
மூன்று முறை தாளை உருவிச் செருகினேன்.
நான்காம் முறை
‘பன்னிரண்டு பேர் கொல்லப்பட்டன’ என்று அடித்திருக்கிறேன்.

சூசைமாணிக்கம் மைக்கின் முன்னால்
மூச்சுவிடாமல் னர் என்றே வாசித்தார்.
வெளியே வந்து பீடி பற்றவைத்துக்கொண்டு,
“ஓரெழுத்து விட்டுட்டீங்கம்மா.”
“விசை சிக்கிக்கிச்சு” என்றேன்.
தலையை ஆட்டினார்.
அதே இயந்திரத்தில், அதே தாளில், அடுத்த பத்தி
வானிலை:
மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்.
ர் எங்கும் சிக்கவில்லை.
அதை அவரும் வாசித்திருந்தார்.

கடிதம் வரும் என்று நினைத்தேன்.
நேயர்கள் நேரம் ஒரு நிமிடம் பிசகினால்
அஞ்சலட்டை போடுகிறவர்கள்.
வரவில்லை. எப்படி வரும்,
காற்றில் போனதில் பிழை இல்லையே.
தாள் மட்டும் கோப்பில் இருந்தது,
கார்பன் பிரதியோடு.

அன்றிரவு ராமகிருஷ்ணபுரத்துக்குக் கடைசிப் பேருந்து.
படியில் கூட்டம்.
நடத்துநர் தகரத்தைத் தட்டினார்:
“அரே மதராஸி, ஆகே சலோ.”
முன்னால் நகர்ந்தேன்.
சஃப்தர்ஜங் மேம்பாலம் ஏறும்வரை
அந்தச் சொல்லுக்குப் பின்னால்
ஒரு 'ஜி' இருந்ததா என்று
யோசித்துக்கொண்டே வந்தேன்.
என்ஜின் சத்தத்தில்
சரியாகக் கேட்கவில்லை.