நாலு கோடு

பதினொன்று, ஒன்று, இரண்டரை, நாலு.
கடிகாரம் பார்க்காமலே சொல்வேன்.
முதலில் கட்டில் முனகும்,
பிறகு பூட்ஸ், பிறகு ரோமத் தொப்பி.
கதவு திறந்து மூடும் இடைவெளியில்
உலான்பாத்தர் குளிர் மொத்தமும்
என் போர்வைக்குள் தலையை நீட்டிப்
பார்த்துவிட்டுப் போகும்.

கழிப்பறை முற்றத்தின் மூலையில்,
வேலியை ஒட்டி, பலகையால் ஆனது.
நாற்பது தப்படி. மைனஸ் முப்பத்திரண்டு.
இதில் எந்த எண் கொடியது என்றால்
தாஷ்ன்யாம் சொல்வார்: "அறுபத்தெட்டு. என் வயசு."
நாய் பாவ்கை தினமும் துணைக்குப் போகும்.
அதற்கும் சரியான தூக்கமில்லை.

நான் கம்பளி ஆலையில்
இருபத்தாறு வருஷம் கணக்கு எழுதினவள்.
எண்ணாமல் இருக்க வராது.
காலண்டரில் தேதிக்குக் கீழே
ஒரு தடவைக்கு ஒரு கோடு, சிவப்பில்.
ஜனவரி முள்வேலியாகிவிட்டது.
"ஒன்றுக்குப் போவதற்கெல்லாமா டாக்டர்?"
என்று சிரித்தார்.
சிரிப்பைப் பாதியில் விட்டு
வெளியே ஓடினார்.

காலண்டரைச் சுருட்டி எடுத்துக்கொண்டு போனோம்.
சர்க்கரை பார்த்தார்கள், இதயம் பார்த்தார்கள்,
கீழேயும் பார்த்தார்கள். பயமில்லை என்றார் டாக்டர்.
நர்ஸ் நர்மந்தாக் மட்டும்
அவர் காலுறையை இறக்கி
கணுக்காலில் கட்டைவிரலை அழுத்தினாள்.
விரலை எடுத்தாள்.
குழி அங்கேயே இருந்தது.

"லாரி ஓட்டின கால்.
பகலெல்லாம் தண்ணீர் இங்கே இறங்கி உட்கார்ந்திருக்கிறது.
நீங்கள் படுத்ததும் கிளம்பி மேலே வருகிறது.
சாயங்காலமே காலைத் தூக்கி வையுங்கள்,
வருவது விளக்கணைக்குமுன் வந்துவிட்டுப் போகட்டும்.
ஆமாம், டீயில் எவ்வளவு உப்பு?"

எங்கள் டீயில் பால் உண்டு, உப்பு உண்டு.
எவ்வளவு என்று யாரும் கேட்டதில்லை.
உப்பு தாகத்தைக் கூப்பிடும்,
தாகம் கிண்ணத்தைக் கூப்பிடும்,
கிண்ணம் நடுராத்திரியில் இவரைக் கூப்பிடும்.
இத்தனை நாளும் கரண்டி என் கையில்தான்.

அன்றிலிருந்து நாலு மணிக்கு
தரையில் மல்லாந்து படுத்து
ஆரஞ்சுப் பெட்டியின்மேல் காலைப் போட்டு
ரேடியோ கேட்பார்.
பக்கத்து வேலி ஸுந்துய் எட்டிப் பார்த்து
"விழுந்துவிட்டாயா?" என்றான்.
ஐந்துக்குக் கடைசிக் கிண்ணம், பாதி உப்பில்.
உப்பில்லாப் பண்டம் குப்பையிலே என்று
தள்ளி வைத்தார். ஆறிய பிறகு குடித்தார்.
படுக்குமுன் ஒரு தடவை,
பல் தேய்த்துவிட்டு இன்னொரு தடவை.

மூன்று கோடு. மூன்று.
ஸுந்துய் மகன் கல்யாணத்தில் வோட்கா: ஐந்து.
இரண்டு. இரண்டு. ஒன்று.
பிப்ரவரி பத்தொன்பது
சிவப்பே இல்லாமல் விடியப் பார்த்தது.

விடியுமுன் விழித்துக்கொண்டேன்.
மூக்கு நுனி கல்லாகியிருந்தது.
வாளித் தண்ணீரில் மெல்லிய ஆடை, பனியால்.
அடுப்பைத் தொட்டேன். பிணம் போலச் சில்லிட்டிருந்தது.

பதினோரு வருஷமாக
நான் ராத்திரியில் போடும் கரிதான்
விடியவிடிய எரிகிறதென்று நினைத்திருந்தேன்.
அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட.
வெளியே போய் வந்த ஒவ்வொரு தடவையும்
இவர் இரண்டு கட்டி போட்டிருக்கிறார்.
சொல்லவே இல்லை.
நான் தூங்கின தூக்கமெல்லாம்
இவர் தூங்காத தூக்கம்.

எழுப்பவில்லை.
வாய் திறந்து, லாரி மேடேறுகிற சத்தத்தில்
தூங்கிக்கொண்டிருந்தார்.
கரி போட்டேன். ஊதினேன். பிடித்துக்கொண்டது.
எழுந்ததுதான் எழுந்தோமென்று
எனக்கும் வந்தது.

பாவ்கை எழுந்து வந்து என்னை முகர்ந்தது,
எனக்குப் பின்னால் கதவைப் பார்த்தது,
கொஞ்சம் யோசித்துவிட்டு
கூடவே நடந்தது, நாற்பது தப்படியும்.

திரும்பி வந்து
பத்தொன்பதுக்குக் கீழே
நீலத்தில் ஒரு கோடு போட்டேன்.